கையெழுத்தில்லாத கரும்பலகை

அன்று பனி மூடியிருந்ததா, வெயில் அடித்ததா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. விசாலாட்சியைக் கேட்டால் பனி என்பாள். டெனிஸைக் கேட்டால், "சுள்ளுனு வெயிலுங்க, ஸ்டியரிங்கத் தொட முடியல" என்பான். இருவர் வாயிலும் கேட்டு எழுதுகிறவனுக்குச் சில வார்த்தைகள் இடம் மாறிப் போயிருக்கவும் கூடும். ஒன்றில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. அன்று விசாலாட்சி கடுங்கோபத்தில் இருந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போது அந்தக் கோபம் இல்லை. உள்ளே போய்ச் சின்னத்தாயியின் மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் வந்தது. வளையல் உடைந்து கீறிய இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"யாரு அடிச்சா?"

"அடிக்கலம்மா. பிடிச்சு இழுத்தாங்க" என்றாள் சின்னத்தாயி. ஜீப் ஓட்டுகிற டெனிஸுக்குப் பெருமாள்மலையில் பக்கத்து வீட்டுக்காரி; அவன் சொல்லித்தான் துப்பறிகிற விசாலாட்சி வந்திருக்கிறாள். நேற்றிலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் கஞ்சி கொண்டுட்டுப் போனது நெசம். போயிப் பாத்தா மனுசன் செத்துக் கெடக்காரு. கத்துனது நான், ஊரக் கூட்டுனது நான். கடைசில என்னையே கூட்டிட்டு வந்துட்டாங்க. நல்லா இருக்குல்ல நாயம்?"

இன்ஸ்பெக்டர் சிவமுருகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பழனியில இருந்து மலையேறி வந்திருக்கீங்க. டீ சாப்பிட்டுட்டுப் போங்க மேடம். இதுல துப்பறிய ஒண்ணும் கெடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லெந்து ஆராதனைக்குக் கெளம்பறப்ப, செத்துப்போன உபகாரம் சாரோட அக்கா மகன் எல்வின் போயி அவரு ரூம் கதவத் தட்டியிருக்காரு. சார் உள்ள இருந்து பதில் சொல்லியிருக்காரு. கூட நின்ன ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. எல்வின் சம்சாரம் ஜெனி, பக்கத்து வீட்டு ஆக்ஸிலியா டீச்சர். அப்புறம் மூணு பேரும் சர்ச்சுல. சபையே சாட்சி. அந்த நேரத்துல வீட்டுக்குள்ள போனது இவ ஒருத்திதான். கணப்படுப்புக் கல்லுல மண்டை மோதிச் செத்துக் கெடந்தாரு."

"இவளுக்கு அதுல என்ன லாபம்?"

"சமைச்சுப் போடறதுக்காக, தனக்கப்புறம் பின்கட்டு ரூம் இவளுக்குன்னு சொல்லி வச்சிருந்தாராம். சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட்கிட்ட நிறுத்திருவோம்."

"உள்ள இருந்து என்ன பதில் சொன்னாரு?"

சிவமுருகன் சலிப்போடு காகிதத்தை எடுத்துப் படித்தார். "'எனக்குத் தலை கனக்குது ராசா. நீங்க நடங்க. சின்னத்தாயி கஞ்சி தந்தா குடிச்சிட்டு இங்கேயே கெடக்கேன்.' போதுமா? செத்தவரே இவ பேரச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

விசாலாட்சி வெளியே நடந்தாள். அவள் பேசாமல் இருப்பதில் பல வகை உண்டு. இந்த வகை டெனிஸுக்குப் பிடிக்காது.

ஜீப்பில் ஏறியதும் கேட்டான்: "யக்கா, திட்டிருங்க. என்னைய வேணாலும் திட்டுங்க. இப்படி வாயக் கட்டிக்கிட்டு வந்தீங்கன்னா வளைவுல கை நடுங்குது."

"வண்டிய ஓட்டுலே."

"அப்பாடா. இப்ப நடுங்கல."

---

உபகாரம் சார் ரிட்டயர்டான தமிழ் வாத்தியார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. முன்னறை முழுக்கப் புத்தகம். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து படிக்கலாம். அந்த வீட்டைப் படிப்பகமாகவே எழுதி வைக்கப் போகிறேன் என்று சர்ச்சில் அறிவித்திருந்தார். திங்கட்கிழமை பத்திரம் பதிவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை செத்துப்போனார்.

சாவியோடு வந்து கதவைத் திறந்தவள் ஆக்ஸிலியா டீச்சர். அழுது கண் வீங்கியிருந்தாலும் பேச்சில் ஒரு மிடுக்கு இருந்தது.

"போலீஸுக்கு முக்கியமான சாட்சியே நான் சொன்னதுதான் மேடம். அந்தக் குரல் சாரோடதுதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். எப்படித் தெரியுமா? எழுத்து விரதம்."

"எழுத்து விரதமா?"

"ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல எல்லாரும் கறி மீனை விடுவாங்க. சார் எழுத்தை விடுவாரு. வாரத்துக்கு ஒரு எழுத்து. அந்த எழுத்து வராம இந்தக் கரும்பலகையில ஏதாவது எழுதி வைப்பாரு. எது காணாமப் போச்சுன்னு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நாங்க கண்டுபிடிக்கணும். வாரம் முழுக்கப் பேச்சுலயும் அந்த எழுத்தைத் தொட மாட்டாரு. வாய் தவறிருச்சுன்னா 'ஐயய்யோ'ன்னு எந்திரிச்சுப் போயி இந்தப் பாட்டில்ல ஒரு காப்பிக்கொட்டையைப் போடுவாரு. ஈஸ்டர் அன்னைக்கு அதை அரைச்சு எல்லாருக்கும் காப்பி. தப்புக் காப்பின்னு பேரு."

"அதிகமாத் தப்பு பண்ணினா ஊருக்கே காப்பியா!" என்றான் டெனிஸ். "எங்க வீட்டுல இத ஆரம்பிச்சா எஸ்டேட் வாங்கணும்."

"அன்னைக்குக் கதவுக்குப் பின்னால பேசுனாரே, நான் அங்கயே கவனிச்சுட்டேன். 'ப' இல்ல, 'ம' இல்ல, 'வ' கூட இல்ல. ஒண்ணுக்கு மூணு! சாவுக்கு முன்னால கூட விளையாடியிருக்காரு பாருங்க. இப்படி வேற யாருக்கு மேடம் பேச வரும்?" அவள் குரல் உடைந்தது.

விசாலாட்சி கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அழகான வட்டக் கையெழுத்து.

'தை போய்ப் பனி போய் வெயில் வந்துவிட்டது. மலைச்சரிவில் பேரி மரம் பூத்துவிட்டது. ஏரியின் மேல் ஒரு பறவை; அதன் பெயர் யாருமே அறியார். இந்த வீட்டு வாசலில் யார் வந்தாலும் பெயர் சொல்லி அழைத்து, உள்ளே வா என்பேன்.'

படித்தாள். திரும்பவும் படித்தாள். டெனிஸ் ஒரு தீக்குச்சியை எடுத்து முன்பற்களில் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தான். சிகரெட்டை விட்டதிலிருந்து அவனுக்குத் தீக்குச்சிதான். வெளியே எங்கோ ஒரு சுற்றுலா வேன் ஹாரன் அடித்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. விசாலாட்சி அசையவில்லை.

"போன வாரத்துப் பலகையைப் போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றாள் கடைசியில்.

ஆக்ஸிலியா போனை நீட்டினாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பலகைகள். எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் சாய்வாக ஒரு கையெழுத்து: உபகாரம்.

"இந்த வாரம் கையெழுத்துப் போடல."

"மறந்திருப்பாரு."

"மறக்கிற ஆளா?"

ஆக்ஸிலியா போனைத் திரும்பப் பார்த்தாள்.

"மறக்கல. போட முடியல. விரதம் இருந்த எழுத்து அவர் பேருக்குள்ளயே இருக்கு. உ இல்ல, 'உள்ளே'ன்னு எழுதியிருக்காரு. ப இல்ல, பனி, பேரி, பறவைன்னு கொட்டிக் கெடக்கு. மரத்துல ரவும் இருக்கு, மவும் இருக்கு. மிச்சம் என்ன?"

ஆக்ஸிலியா பலகையைப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் எழுத்து எழுத்தாக அசைந்தன.

"க" என்றாள் மெதுவாக. "ஒரு 'க' கூட இல்ல. கொடைக்கானல்னு எழுதாம கொடைக்கானலை எழுதியிருக்காரு. நான் இதைக் கண்டுபிடிக்கவே இல்லையே."

"இப்ப அந்தக் குரல் சொன்னதைச் சொல்லுங்க."

"எனக்குத் தலை கனக்குது ராசா. நீங்க நடங்க. சின்னத்தாயி கஞ்சி..." நிறுத்திவிட்டாள்.

"வாயத் தொறந்தா 'க'. வரிசையா 'க'. ஒரு தடவை தவறினாலே ஐயய்யோன்னு எந்திரிச்சுப் போற மனுசன், அத்தனை தடவையும் தவறிட்டு மூச்சு விடாமப் பேசியிருக்காரு. பாட்டில்ல சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"அவருக்குப் 'ப'வும் 'ம'வும் விரதம் இல்ல டீச்சர். வேற யாருக்கோ விரதம். நீங்க எழுத்தை எண்ணினீங்க. ஆளை எண்ணல. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வச்சுத்தான் ஒருத்தி கைய முறுக்கி இழுத்துட்டுப் போயிருக்காங்க."

சொன்ன வேகத்தில் அறையே சுருங்கிப்போனது மாதிரி இருந்தது.

டெனிஸ்தான் வாயைத் திறந்தான். பல்லில் குச்சியைக் கடித்தபடியே, கனத்த கிழவர் குரலில் சொல்லிப் பார்த்தான்: "எனக்குத் தலை கனக்குது ராசா. நீங்க நடங்க. சின்னத்தாயி கஞ்சி தந்தா குடிச்சிட்டு இங்கேயே கெடக்கேன்... நல்லாத்தான் இருக்கு. சாரு சொல்றதாட்டந்தானே?"

"நில்லு." விசாலாட்சி திரும்பினாள். "திரும்பச் சொல்லு."

சொன்னான். பல்லில் கடித்த குச்சி ஆணி அடித்ததுபோல நின்றது.

"இப்ப 'மாமா'ன்னு சொல்லு."

"மாமா." உதடுகள் வந்து குச்சியில் முட்டின, குச்சி துள்ளிக் கீழே விழுந்தது. டெனிஸ் குனிந்து அதைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"உதடு ஒட்டாமலே அதைப் பேசிறலாம்" என்றாள் விசாலாட்சி. "பக்கத்துல நிக்கிறவனுக்குக் கூடத் தெரியாது. இந்த ஊர்ல வாயசைக்காமப் பேசுறது யாருலே?"

டெனிஸ் விழுந்த குச்சியைக் காலால் ஒதுக்கினான். "டிங்கு."

"யாரு டிங்கு?"

"பொம்மைங்க. பேசற பொம்மை. மே மாச லீவுல சர்ச்சுல வேதாகமப் பள்ளி நடக்கும்ல, அங்க வருசா வருசம் வரும். நாங்கல்லாம் அதப் பாக்கத்தான் போவோம். அது எங்களப் பிள்ளைங்களான்னு கூப்பிடாது, கண்ணுங்களான்னுதான் கூப்பிடும். பாஸ்டர ஐயான்னு சொல்லும். ஜெபம் பண்ணி முடிக்கிறப்ப, 'கடைசிச் சொல்ல நீங்க சொல்லுங்க கண்ணுங்களா'ன்னு காதக் காட்டும். நாங்க ஹால் இடியிற மாதிரி 'ஆமென்'னு கத்துவோம். நல்ல பழக்கம் சொல்லிக் குடுக்குதுன்னு நெனச்சேன் யக்கா. அதால சொல்ல முடியாதுன்னு இப்பத்தான் தெரியுது."

"பொம்மைய மடியில வச்சிருக்கிறது யாரு?"

"எல்வின் அண்ணன்."

ஆக்ஸிலியாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "சிரிச்சுக்கிட்டு நின்னாரு. சாருக்குத் தலைவலின்னு கேட்டுக்கிட்டே கதவைப் பார்த்துச் சிரிச்ச மேனிக்கு நின்னாரு. நான் அதைத் தப்பாவே நினைக்கல."

விசாலாட்சி ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

---

எல்வின் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விசாலாட்சி போன் செய்திருந்ததால் சிவமுருகனும் வந்திருந்தார். ஜீப்பிலேயே கடுகடுத்தபடி வந்திருப்பார் போல. ஜெனி காப்பித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்வின் நாற்பது வயதுக்காரன். வெள்ளைச் சட்டை, பதமான குரல்.

"மாமா சாவுக்கு அந்தப் பொம்பளையை நான் மன்னிச்சிட்டேங்க" என்றான். "கர்த்தர் பாத்துக்குவாரு."

விசாலாட்சிக்கு நெற்றியில் நரம்பு துடித்தது. குரலை உயர்த்தவில்லை. "டிங்குவைக் கொஞ்சம் கொண்டாங்க."

அவன் கண் ஒரு கணம் டெனிஸ் பக்கம் போய் வந்தது. பிறகு உள்ளே போய், சிவப்புத் தொப்பி போட்ட மரப்பொம்மையோடு வந்து உட்கார்ந்தான். அதன் வாய் டக்டக் என்று ஆடியது. "என்ன சங்கதி, ஐயா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டது. சிவமுருகன் தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

"அதை 'மாமா'ன்னு கூப்பிடச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"சரி, வேணாம். 'உபகாரம்'?"

"செத்த வீட்டுல விளையாட வந்திருக்கீங்களா?"

"அதுவும் வேணாமா? ஆமெனாவது சொல்லுமாண்ணே?" என்றான் டெனிஸ். "நான் கத்திக் கத்தித் தொண்டை போயிருச்சு. ஒரு தடவை அதுவே சொல்லட்டும்."

எல்வின் பொம்மையை மேஜைமேல் வைத்தான். "இன்ஸ்பெக்டர், என்ன இது?"

விசாலாட்சி எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்தில்லாத பலகை, கொட்டிக் கிடந்த 'க', ஒட்டாத உதடுகள். கதவுக்குப் பின்னால் அப்போதே ஒரு பிணம் கிடந்தது என்பதையும், கதவுக்கு முன்னால் நின்றவன்தான் அதற்குக் குரல் கொடுத்தான் என்பதையும் சொன்னாள். எல்வின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. முகத்தை அசைக்காமல் வைத்திருப்பதுதானே அவன் பழகிய வித்தை.

"மேடம், கேக்க நல்லா இருக்கு" என்றார் சிவமுருகன். "ஆனா பொம்மை ஆமென் சொல்லலன்னு கோர்ட்டுல போயி நிக்க முடியுமா? வக்கீலு சிரிப்பாரு. வேற என்ன வச்சிருக்கீங்க?"

வேறு ஒன்றும் இல்லை. விசாலாட்சிக்கும் அது தெரியும். எல்வினுக்கும் தெரிந்துவிட்டது, உதட்டோரம் மெல்லத் தளர்ந்தது. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தான். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

விசாலாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் எல்வினைப் பார்க்கவில்லை. ஜெனியைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தாள். டெனிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். சிவமுருகன் இருமினார். யாரோ தெருவில் பேரிக்காய் விற்றுக்கொண்டு போனார்கள். அவள் பார்வையை எடுக்கவில்லை. ஜெனியின் தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்க ஆரம்பித்தன.

"ராசா" என்றாள் ஜெனி.

"ஜெனி, உள்ள போ."

"மாமா உங்களை ஒரு நாளும் ராசான்னு கூப்பிட்டதில்லங்க. வாசல்ல யாரு வந்தாலும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. எல்வினு, எல்வினுன்னுதான் வாய் நெறையக் கூப்பிடுவாரு." அவள் மேஜையைக் காட்டினாள். "ராசான்னு கூப்பிடுறது அதுதான். உங்க பேர அதால சொல்ல முடியாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுப்படியில நின்னு கேக்கிறேன். அந்தக் குரல் கதவுக்குப் பின்னாலருந்து வரல சார். எம் பக்கத்துலருந்து வந்துச்சு."

"வாய மூடுடி!"

"அதுக்கு முன்னாலயே ஒரு தடவ தனியா மாமா வீட்டுக்குப் போயிட்டு வந்தாரு. வந்து சட்டைய மாத்துனாரு."

சிவமுருகன் எழுந்து நின்றார். எல்வின் பொம்மையின் தொப்பியைச் சரிசெய்தான். ஏன் அதைச் செய்தான் என்று யாருக்கும் புரியவில்லை.

"ரிசார்ட்டுக்காரங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றான் பிறகு. "படிப்பகமாம். யாரு வந்து படிக்கிறா இந்தக் காலத்துல? பத்திரத்தை நிறுத்துங்கன்னு கெஞ்சினேன். சிரிச்சாரு. ஏதோ ஒரு எழுத்து வராம யோசிச்சு யோசிச்சு எனக்குப் பதில் சொன்னாரு. நான் வாழ்க்கையப் பத்திப் பேசறேன், அவரு விளையாடறாரு. தள்ளிட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" விசாலாட்சி எழுந்தாள். "தள்ளினது ஒரு நொடிக் கோபம். அதுக்கப்புறம் சின்னத்தாயி பேர எடுத்துப் பொணத்து வாயில வச்சியே, அதுவும் கோபமா? 'கஞ்சி தந்தா'ன்னு யோசிச்சுக் கோத்தியே, அது?"

அவள் ஜெனியிடம் திரும்பினாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் சர்ச்சுல உக்காந்து பாடுனீங்களா? அவளை இழுத்துட்டுப் போறப்ப வாசல்ல நின்னீங்களா?"

ஜெனி தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். விசாலாட்சிக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

வாசலில் சிவமுருகன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தம்மாவ விட்டுரலாம் மேடம். ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"விட்டுரலாமா? அவ கையைப் பாத்தீங்களா சார்?"

"பாக்கலாம், பாக்கலாம்."

"நானும் வர்றேன்" என்றாள் விசாலாட்சி. "நீங்க பாக்கிறதை நான் பாக்கணும்."

---

இனி அவரவருக்கு நடந்தது.

எல்வின் ஜெயிலில் இருக்கிறான், வழக்கு நடக்கிறது. ஜெனி சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னாள். இப்போது கன்னிவாடியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். சிவமுருகனுக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. சின்னத்தாயியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. விசாலாட்சி அனுப்பிய புகார் மேலிடத்தில் இருக்கிறது; மாதம் ஒருமுறை அவள் மலையேறி அது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு இறங்குகிறாள். டெனிஸ் இன்னும் பெருமாள்மலையில் ஜீப் ஓட்டுகிறான். டிங்கு போலீஸ் பண்டகக் கிடங்கில் சாட்சிப் பொருளாகக் கிடக்கிறது.

பத்திரம் பதிவாகாமல் போனதால் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆக்ஸிலியா அதற்காகக் கோர்ட்டுக்கு அலைகிறாள். கரும்பலகையை அவள் அழிக்க விடவில்லை.

அந்த ஈஸ்டருக்குச் சின்னத்தாயி ஆக்ஸிலியா வீட்டில் அந்தத் தப்புக் காப்பிப் பாட்டிலைக் கவிழ்த்து, கொட்டையை அரைத்துக் காப்பி போட்டாள். சார் கொஞ்சமாகத்தான் தவறியிருந்தார். நாலு தம்ளருக்குக் கூட வரவில்லை. இருந்ததை ஆற்றி, ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள்.